வாரத்துக்கு 20 மணி நேரம்தானாம்!

"வயலின் வாசிக்கிறவனுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலரா? அதுவும் வாரத்துக்கு 20 மணி நேர வேலைக்கு? இதுல சங்கம், ஸ்டிரைக் வேற!"

எங்க ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்தில் உதிர்ந்த முத்து இது. உதிர்த்தவர் நம்மாளுதான். என்னை மாதிரியே இன்ஜினியரிங் முடிச்சு, என்னை மாதிரியே மினியாபோலிஸ் குளிரில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் ஜீவன். அவர் ஒருத்தர் மட்டும் பேசினால் விட்டுடலாம். ஆனா அமெரிக்காவில் ஏதாவது ஒரு சிம்பொனி இசைக்குழுவில் சம்பளத் தகராறு வரும்போதெல்லாம் இதே பாட்டைத்தான் பாடுறாங்க. அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதிடறேன். நீளமாப் போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அந்த 20 மணி நேரக் கணக்கு. இங்கே இசைக்குழு ஒப்பந்தங்களில் வேலையை 'சர்வீஸ்' என்று எண்ணுவார்கள். ஒரு ஒத்திகைன்னா ஒரு சர்வீஸ். ஒரு கச்சேரின்னா ஒரு சர்வீஸ். ஒரு சர்வீஸ் ஏறக்குறைய ரெண்டரை மணி நேரம். வாரத்துக்கு 8 சர்வீஸ் வரை என்பது பெரிய குழுக்களில் வழக்கம். எட்டை ரெண்டரையால் பெருக்கினால் 20. ஆஹா, கண்டுபிடிச்சுட்டாங்கய்யா!

இந்தக் கணக்குப்படி பார்த்தா நான் வாரத்துக்கு எவ்வளவு வேலை பார்க்கிறேன்? கிளையன்ட்டுக்கு டெமோ காட்டுற ஒரு மணி நேரம், புரொடக்‌ஷன்ல ஏத்துற ரெண்டு மணி நேரம், ஆக மூணு. மீதி நேரம் எல்லாம் சும்மா இருந்தேன்னு அர்த்தம். (என் மேனேஜர் இதை உடனே ஒத்துக்குவார், அது வேற கதை.)

ஒத்திகைன்னா என்னன்னு நம்மாளுங்க நினைக்கிறாங்கன்னு தெரியலை. எல்லாரும் வந்து உக்காந்து, பாட்டைக் கத்துக்கிட்டு போறதுன்னு நினைக்கிறாங்க போல. இல்லைங்க. தன்னோட பகுதியை வீட்டிலேயே தரோவா முடிச்சுட்டுத்தான் முதல் ஒத்திகைக்கே வரணும். அங்கே நடப்பது நம்ம பாஷையில் சொன்னால் இன்டக்ரேஷன் டெஸ்டிங். தொண்ணூறு பேரோட வேலையை ஒண்ணாச் சேர்த்துப் பார்க்கிற இடம். இந்த வாரம் மாஹ்லர், மூணு நாலு ஒத்திகை, மூணு கச்சேரி. அடுத்த வாரம் வேற கண்டக்டர், வேற நோட்டு, முதல்லேர்ந்து ஆரம்பம். சீசன் முழுக்க இதே ஓட்டம்தான்.

ஓபோன்னு ஒரு வாத்தியம். நம்ம நாதஸ்வரம் மாதிரி இதுக்கும் சீவாளி வேணும். அந்தச் சீவாளியை வாசிக்கிறவங்களே உக்காந்து நாணலைச் சீவிச் சீவிப் பண்ணிக்கணும். பண்ணினதில் பாதி தேறாது. தேறினதும் சில நாள்தான் தாங்கும். வாழ்க்கை பூரா தினமும் இந்தச் செதுக்கல் வேலை உண்டு. இது எந்த சர்வீஸ்லயும் வராது. வயலின்காரங்களுக்கு வேற மாதிரி தலைவலி. ஒரு நல்ல வயலின் கார் விலையில் ஆரம்பிச்சு வீட்டு விலை வரைக்கும் போகும், வில்லுக்குத் தனிக் காசு. அதைப் பெரும்பாலும் சொந்தக் கடனில்தான் வாங்கணும். கம்பெனி லேப்டாப் மாதிரி யாரும் பையில் போட்டுக் கையில் கொடுக்க மாட்டாங்க. இருபது முப்பது வருஷம் ஒரே பக்கமா கழுத்தைச் சாய்ச்சு வாசிச்சா தோள்பட்டை என்ன கதியாகும்னு யோசிச்சுப் பாருங்க. டிரம்பெட்டுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் காது போகும்.

வேலைக்குச் சேர்றதும் நம்மளை மாதிரி இல்லை. நாங்க பேட்ச் பேட்ச்சா எடுக்கப்பட்ட கோழிக்குஞ்சுகள். அங்கே ஒரு இடம் காலியானா நூறு இருநூறு பேர் சொந்தக் காசில் விமானம் ஏறி வந்து, திரைக்குப் பின்னாடி நின்னு, அஞ்சு பத்து நிமிஷம் வாசிச்சுட்டுப் போகணும். சில சமயம் யாருமே சரியில்லைன்னு ஒருத்தரையும் எடுக்காமலே அனுப்பிடுவாங்க. எடுத்தாலும் ஒண்ணு ரெண்டு வருஷம் சோதனைக் காலம், அதுக்கப்புறம்தான் நிரந்தரம்.

இப்போ எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி நடந்தது. ஆனா இங்கே கச்சேரிக்குப் போற எந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்தாவது நிமிஷம் இதுக்குத்தான் வந்து நிப்பாங்க.

மினசோட்டா ஆர்கெஸ்ட்ரா 1903ல ஆரம்பிச்ச குழு. 2003லிருந்து ஒஸ்மோ வான்ஸ்கா என்ற பின்லாந்துக்காரர் தலைமையில் உலகத் தரத்துக்கு வந்திருந்தது. 2012ல் சம்பள ஒப்பந்தம் முடிகிறது. நிர்வாகம் கொண்டுவந்து நீட்டிய புது ஒப்பந்தத்தில், ஆண்டுக்குச் சுமார் 1,12,000 டாலராக இருந்த அடிப்படைச் சம்பளம் 78,000 ஆகிறது. மூணுல ஒரு பங்கு காலி. கூடவே வேலை விதிகளில் 200க்கும் மேல் மாற்றங்கள். வாத்தியக்காரங்க சொன்னது என்ன? "கணக்கு வழக்கை வெளியாள் ஒருத்தரை வச்சுப் பார்க்கலாம். பேச்சுவார்த்தை நடக்கட்டும், அதுவரைக்கும் நாங்க வாசிக்கிறோம்." நிர்வாகம் முடியாதுன்னுட்டுது. 2012 அக்டோபர் 1ம் தேதி கதவைப் பூட்டிட்டாங்க.

இதை நல்லா கவனிங்க. இது ஸ்டிரைக் இல்லை. கதவடைப்பு. அவங்க வேலைக்கு வரத் தயார், நிர்வாகம்தான் உள்ளே விடலை. "சங்கம் வச்சு ஸ்டிரைக் பண்றாங்க"ன்னு பேசுறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியறதே இல்லை, தெரிஞ்சாலும் சொல்றதில்லை. சம்பளம் நின்னுது, நிர்வாகம் கட்டிவந்த மருத்துவக் காப்பீடும் நின்னுது. அமெரிக்காவில் காப்பீடு இல்லாம இருக்கிறது என்னன்னு இங்கே வந்து பல்வலிக்கு டாக்டர்கிட்ட போனவங்களுக்குத் தெரியும்.

அப்படி நிஜமாவே காசு இல்லையா? இங்கேதான் சூடே இருக்கு. அதே சமயத்தில் அதே நிர்வாகம் ஆர்கெஸ்ட்ரா ஹாலைப் புதுப்பிக்கச் சுமார் 5 கோடி டாலர் செலவு பண்ணிக்கிட்டு இருந்தது. அதிலே பெரும் பங்கு லாபிக்கு. லாபிங்க! இடைவேளையில் ஒயின் குடிக்கிற இடம். அது நன்கொடையாளர்கள் கட்டிடத்துக்குன்னே கொடுத்த காசு, சம்பளத்துக்குத் தொடக் கூடாதுன்னு ஒரு சப்பைக்கட்டு. சரிங்க, கட்டிடத்துக்குப் போய்க் காசு கேட்கத் தெரிஞ்ச வாய்க்கு, உள்ளே வாசிக்கிறவங்களுக்காகக் கேட்க ஏன் வரலை?

அதை விட மோசமான விஷயம் 2012 நவம்பரில் உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. வாரியக் கூட்டத்தின் குறிப்புகள் வெளியே வந்துடுச்சு. அரசாங்கத்திடம் கட்டிடத்துக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் கேட்டுப் பெற வேண்டிய 2009, 2010 ஆண்டுகளில் கணக்கு துல்லியமா சமன். எப்படி சமன்? வைப்பு நிதியிலிருந்து கூடுதலா எடுத்துப் போட்டு. சம்பளத்தை வெட்ட வேண்டிய 2011, 2012 வந்ததும் பற்றாக்குறை வெளியே வருது, 2012ல் மட்டும் 60 லட்சம் டாலர். எந்த வருஷம் எவ்வளவு நஷ்டம் காட்டணும்னு முன்கூட்டியே பேசி வச்சிருக்காங்க. நம்ம புராஜெக்ட் மேனேஜர்கள் கலர் கலரா ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போடுவாங்களே, கிளையன்ட் வர்ற வாரம் பச்சை, ஆள் கூடுதலா கேட்கிற வாரம் சிவப்பு, அதே டெக்னிக்! வாரியத்தை நடத்தினவங்க சாதாரணப்பட்டவங்க இல்லை, பெரிய பேங்க்குகளின் தலைமைப் பொறுப்பில் இருந்தவங்க. கணக்கு தெரியாம செஞ்சுட்டாங்கன்னு சொல்லவே முடியாது. தலைமை நிர்வாகிக்கு அந்தச் சமயத்தில் 2 லட்சம் டாலர் அளவுக்குப் போனஸ் போனதும் வெளியே வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். அதே 2012 மே மாசம், இதே மினியாபோலிஸில் அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியம் கட்ட மாநிலமும் நகரமும் சேர்ந்து 49 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கச் சட்டசபையில் மசோதா நிறைவேறிச்சு. அப்போ யாரும் ஆட்டக்காரன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுறான்னு ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்க்கலை. ஒரு சீசனுக்குப் பதினாறு பதினேழு ஆட்டம், ஆட்டத்துக்கு 60 நிமிஷம். பந்து நிஜமா நகர்ற நேரம் அதிலே கால்வாசி கூட இருக்காது. எங்கே, போட்டுப் பாருங்களேன் அந்தக் கணக்கை!

கதவடைப்பு 15 மாசம் நீடிச்சது. வாத்தியக்காரங்க சும்மா உக்காரலை. வேற அரங்கங்களை வாடகைக்கு எடுத்து தாங்களே டிக்கெட் வித்துக் கச்சேரி நடத்தினாங்க. பூட்டின அதே மாசம் நடந்த முதல் கச்சேரியை நடத்திக் கொடுத்தவர் பழைய தலைமைக் கண்டக்டர் ஸ்க்ரொவசெவ்ஸ்கி, அப்போ அவருக்கு வயசு 89. ஆனா எத்தனை நாள் அப்படி ஓட்ட முடியும்? வீட்டுக் கடன் இருக்கு, வயலின் கடன் இருக்கு. ஒவ்வொருத்தரா வேற ஊர்க் குழுக்களுக்குப் போக ஆரம்பிச்சாங்க. முதல் கிளாரினெட் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிட்டார். 2013 செப்டம்பரில் புது லாபி பளபளன்னு திறந்தாங்க, உள்ளே வாசிக்க ஆள் இல்லை. நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரிகள் ரத்தாகின. ரத்தானால் விலகிடுவேன்னு முன்னாடியே எச்சரிச்சிருந்த வான்ஸ்கா, 2013 அக்டோபர் 1 அன்னிக்கு விலகிட்டார். அந்த வாரமே பூட்டப்பட்ட வாத்தியக்காரங்களோடு சேர்ந்து பல்கலைக்கழக அரங்கத்தில் பிரியாவிடைக் கச்சேரி நடத்தினார். கடைசியா சிபேலியஸின் 'வால்ஸ் ட்ரிஸ்ட்', முடிஞ்சதும் கைதட்ட வேண்டாம்னு கேட்டுக்கொண்டார். கேட்டவங்க எல்லாம் சத்தமில்லாம எழுந்து போனாங்களாம்.

2014 ஜனவரியில் உடன்பாடு வந்தது. 15 சதவீதம் வெட்டு. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வேணும்னு நின்ன நிர்வாகத்துக்குக் கிடைச்சது அதில் பாதி. அந்தப் பாதிக்காக ஒண்ணேகால் வருஷக் கச்சேரிகள், தலைமைக் கண்டக்டர், நல்ல நல்ல வாத்தியக்காரங்க, நூறு வருஷப் பேர் எல்லாத்தையும் பணயம் வச்சிருக்காங்க. கேலிக்கூத்து என்னன்னா, உடன்பாடு வந்து ரெண்டே வாரத்தில் பழைய ஒலிப்பதிவு ஒன்றுக்காக இதே குழுவுக்கு கிராமி விருது கிடைச்சது. அப்புறம் தலைமை நிர்வாகி போனார், வான்ஸ்கா திரும்பி வந்தார், 2015ல் கியூபா போய் வாசிச்சுட்டு வந்தாங்க. அதே வருஷம், இருக்கிற ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடியே, சண்டை சச்சரவு இல்லாம அடுத்த ஒப்பந்தத்தையும் போட்டுட்டாங்க. அதே ஊர், அதே ஜனங்க. நிர்வாகம் பேசுற தொனி மாறிச்சு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பொருளாதாரக் கனவான்கள் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு வருவாங்க. "தம்பி, பாமல்னு ஒருத்தர் இருக்கார், படிச்சிருக்கியா?" படிச்சிருக்கேன் சார். வில்லியம் பாமல், வில்லியம் போவன்னு ரெண்டு பேர் 1966ல் எழுதின புத்தகம். பீத்தோவனின் ஒரு குவார்ட்டெட்டை வாசிக்க அன்னிக்கும் நாலு பேர் வேணும், இன்னிக்கும் நாலு பேர் வேணும், அதே அளவு நேரம் வேணும். தொழிற்சாலையில் உற்பத்தித் திறன் ஏறிக்கிட்டே போகும், சம்பளமும் ஏறும். கச்சேரி மேடையில் திறன் ஏறாது, ஆனா சம்பளம் மட்டும் மத்தவங்களோட சேர்ந்து ஏறியாகணும், இல்லைன்னா யாரும் வாசிக்க வர மாட்டாங்க. அதனால செலவு கூடிக்கிட்டே இருக்கும். 'செலவு நோய்'னு இதுக்குப் பேர்.

சரியான கண்டுபிடிப்புதான். ஆனா இதை வச்சுக்கிட்டு "ஆகவே சம்பளத்தை வெட்டு"ன்னு ஜல்லி அடிக்கிறாங்களே, பாமல் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் கடைசிவரை சொன்னது இதுக்கு நேர் எதிர். மத்த துறைகளில் உற்பத்தித் திறன் ஏறுவதால்தான் இந்தச் செலவு கூடின மாதிரி தெரியுது. அதே ஏற்றத்தால் சமூகத்துக்கு இதைத் தாங்குற சக்தியும் கூடிக்கிட்டே போகுது. நான் எழுதுற புரோகிராம் பத்துப் பேர் வேலையை ஒருத்தர் செய்யுற மாதிரி ஆக்குது. அதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. அந்தப் பத்துப் பேர் வேலையில் மிச்சமான காசு எங்கேயோ போய்ச் சேருதில்ல? அங்கே போய்க் கேளுங்க, ஓபோக்காரர்கிட்ட வந்து வேகமா வாசின்னா அவர் என்ன பண்ணுவார்?

இங்கே டிக்கெட் காசில் எந்தப் பெரிய இசைக்குழுவும் ஓடுறதில்லை, செலவில் பாதி கூடத் தேறாது. மீதி நன்கொடையும் வைப்பு நிதி வட்டியும்தான். எனவே "சந்தை அவங்களுக்கு இவ்வளவுதான் விலை வைக்குது"ன்னு சொல்றது உடான்ஸ். இங்கே சந்தையே கிடையாது. யார் யார்கிட்ட எவ்வளவு கேட்டு வாங்குறாங்க, அதில் எதுக்கு முன்னுரிமை கொடுக்கிறாங்க என்பதுதான் இருக்கு. முன்னுரிமை லாபிக்கா வாத்தியக்காரருக்கா என்பதைச் சங்கம் கேட்கலைன்னா வேற யார் கேட்பா?

சங்கம்னாலே முகம் சுளிக்கிறவங்க 1960க்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் பார்க்கணும். அமெரிக்காவின் பேர்பெற்ற குழுக்களில் வாசிச்சவங்களுக்கே வருஷத்தில் பாதி மாசம்தான் வேலை. கோடை வந்தால் வேற பிழைப்பு பார்த்துக்கணும். ஒப்பந்தத்தைச் சங்கத் தலைவர்களே நிர்வாகத்தோடு பேசிக் கையெழுத்து போட்டுடுவாங்க, வாசிக்கிறவங்களுக்கு ஓட்டுப் போடக்கூட உரிமை இல்லாத ஊர்கள் உண்டு. கண்டக்டர் முகம் சுளிச்சா வேலை போச்சு. 1962ல் வாத்தியக்காரங்க தங்களுக்குன்னு ஒரு மாநாட்டு அமைப்பை உருவாக்கி, சொந்தச் சங்கத்தோடேயே மல்லுக்கட்டித்தான் இதை மாத்தினாங்க. 1964ல் நியூயார்க் பில்ஹார்மோனிக் 52 வாரமும் சம்பளம் தரும் ஒப்பந்தத்தைப் போட்டது. தேர்வில் திரை கட்டுறதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான் பரவலாச்சு. அதுக்கு முன்னாடி குருநாதர் சிபாரிசு, கண்டக்டரின் வேண்டப்பட்ட பையன். 1970 வாக்கில்கூட முதல் அஞ்சு குழுக்களில் பெண்கள் நூத்துக்கு அஞ்சு ஆறு பேர்தான். இப்போ எந்த மேடையை வேணா பாருங்க.

சங்கம் எப்பவும் ஜெயிக்குதுன்னு சொல்ல வரலை. டெட்ராய்ட்டில் 2010 அக்டோபரில் ஸ்டிரைக் ஆரம்பிச்சு ஆறு மாசம் கழிச்சு கணிசமான வெட்டோடுதான் உள்ளே போனாங்க. அந்த ஊரின் பொருளாதாரமே அப்போ படுத்திருந்தது, அதை ஒத்துக்கலாம். பிலடெல்பியாவில் 2011ல் கோடிக்கணக்கில் வைப்பு நிதி வச்சுக்கிட்டே திவால் மனு போட்டாங்க, அதை எந்தக் கணக்கிலும் என்னால் ஒத்துக்க முடியலை. 2019ல் சிகாகோவில் ஏழு வாரம் ஸ்டிரைக், காரணம் பென்ஷன். சம்பளம் கூடிச்சு, ஆனா பழைய மாதிரி உறுதியான பென்ஷன் புதுசா வர்றவங்களுக்குக் கிடையாதுன்னு ஆச்சு. அதில் ஒரு நல்ல விஷயம், தலைமைக் கண்டக்டர் ரிக்கார்டோ மூட்டி மறியல் வரிசைக்கே வந்து வாத்தியக்காரங்க பக்கம் நின்னார்.

ஒப்பந்தமே இல்லாம எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா லண்டன் போங்க. லண்டன் சிம்பொனி, லண்டன் பில்ஹார்மோனிக், பில்ஹார்மோனியா, ராயல் பில்ஹார்மோனிக் நாலுமே உலகப் புகழ் குழுக்கள். வாசிக்கிறவங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது. கூப்பிட்ட நாளுக்குக் காசு, அவ்வளவுதான். 2025 மார்ச் 8ம் தேதி லண்டனில் நம்ம ராஜா சாரின் சிம்பொனி அரங்கேறினப்போ வாசிச்சது ராயல் பில்ஹார்மோனிக் கன்சர்ட் ஆர்கெஸ்ட்ரா. நம்ம ஜனங்க மேடைக்கு நடுவில் நின்ன ஒருத்தரைப் பார்த்துக் கண் கலங்கினாங்க, சரிதான். சுத்தி உக்காந்து அந்த நோட்டை உயிரோட எழுப்பினவங்க எந்த ஏற்பாட்டில் பிழைக்கிற ஊர்க்காரங்கன்னும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். உடம்பு சரியில்லாம ரெண்டு மாசம் படுத்தா லண்டன்காரருக்கு ரெண்டு மாச வருமானம் காலி. ஆனாலும் எப்படி அவ்வளவு நல்லா வாசிக்கிறாங்கன்னு கேட்டா, ரெக்கார்டிங், டீச்சிங்னு நாலு இடத்தில் ஓடி ஓடித்தான். இதை எடுத்துக்காட்டாச் சொல்லி "பாருங்க, சம்பளமே இல்லாமலும் உலகத் தரம் வருதே"ன்னு அமெரிக்காவில் சிலர் வாதம் பண்றாங்க. அப்படின்னா சாஃப்ட்வேர் கம்பெனியிலயும் எல்லாரையும் தினக்கூலி கான்ட்ராக்ட்டில் வச்சுக்கலாமே, கோட் வரத்தானே செய்யும்? எங்க ஆபீஸ் முத்து உதிர்த்தவரோட முகம் அப்போ எப்படி மாறும்னு எனக்குத் தெரியும்.

பேச்சுக்கு உக்காந்தா என்ன நடக்கும்னும் சொல்லிடறேன். கோவிட் காலத்தில் நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக்காரங்க அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீத வெட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. மேடையே இல்லை, வேற வழியில்லைன்னு அவங்களுக்கே தெரிஞ்சுது. 2024 செப்டம்பரில் புது ஒப்பந்தம் போட்டாங்க. மூணு வருஷத்தில் 30 சதவீத உயர்வு, கடைசி வருஷத்தில் அடிப்படைச் சம்பளம் 2,05,000 டாலர். கஷ்டத்தில் குறைச்சுக்கிட்டாங்க, நிலைமை மாறினதும் கேட்டு வாங்கினாங்க.

மினியாபோலிஸ்ல இருக்கிற மக்களே, ஆர்கெஸ்ட்ரா ஹால் நிக்கோலெட் மால்லதான் இருக்கு, ஸ்கைவே வழியாவே போயிடலாம், குளிர் ஒரு சாக்கு இல்லை. கோட்டு சூட்டெல்லாம் தேவையில்லை, ஸ்வெட்டர் போதும். கொஞ்சம் சீக்கிரமா போய் உக்காருங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓபோக்காரர் ஒரே ஒரு சுரம் கொடுப்பார், மொத்தக் குழுவும் அதைப் பிடிச்சுத்தான் சுருதி சேர்த்துக்கும். அன்னிக்குக் காலையில் சீவின சீவாளியா இருக்கலாம்.